பதினோராம் வார்டின் கைகள்

முள்ளிப்பேடு நகராட்சியின் பதினோராம் வார்டில் நூற்று நாற்பத்து மூன்று பேருடைய வலது கை தூக்கினது தூக்கினபடியே நின்றுபோனது ஆடி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, சமுதாயக் கூடத்தில், போட்டோக்காரர் "ஒன் டூ த்ரீ" சொல்லி முடித்த அந்த நொடியில். அதுவரைக்கும் அந்த வார்டின் கைகளும் மற்ற வார்டுக் கைகளைப் போலத்தான் இருந்தன. மாவு பிசைந்தன, பம்பு அடித்தன, பிள்ளையைத் தட்டித் தூங்க வைத்தன, கோபம் வந்தால் தலையில் அடித்துக்கொண்டன, கோபம் தணிந்ததும் மடியில் வந்து படுத்துக்கொண்டன. அன்றைக்குத் தூக்கின கை மட்டும் மடிக்குத் திரும்பவில்லை.

அந்த நூற்று நாற்பத்து மூன்று பேரில் அமுலுவும் ஒருத்தி. ஏழாவது வரைக்கும் படித்தவள், பத்து மாதப் பெண் குழந்தைக்கு அம்மா, நாலு பேர் நடுவில் பேச வேண்டி வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசுகிறவள். அவளாக அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. கவுன்சிலர் பரந்தாமனுடைய ஆட்கள் முதல் நாளே வீடு வீடாக வந்து, "நாளைக்குப் பகுதி சபைக் கூட்டம், வீட்டுக்கு ஒருத்தர் கண்டிப்பா வரணும், மஞ்சப்பை தர்றாங்க, வேப்பங்கன்னு தர்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் புருஷன் கோபி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், ஞாயிறென்றால்தான் அவனுக்கு வீடு மாற்றுகிற சவாரி வரும். அதனால் குழந்தை மித்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு அமுலு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

மேடையில் ஆணையர் ஒரு மணி நேரம் பேசினார். நீடித்த நிலைத்த வளர்ச்சி என்றார், மக்கள் பங்கேற்பு என்றார், வருங்காலத் தலைமுறை என்றார், நடுநடுவே பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். பிறகு நகராட்சி அலுவலக எழுத்தர் வரதன் எழுந்து ஒரு தீர்மானத்தைப் படித்தார். அவர் படிக்க ஆரம்பித்ததும் மைக் ஊளையிட்டது. "பசுமை" என்ற ஒரு வார்த்தையைத் தவிர வேறெதுவும் யார் காதிலும் விழவில்லை. அவர் உட்கார்ந்ததும் போட்டோக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"அம்மா, அக்கா, அண்ணே, எல்லாரும் ஒரே ஒரு தடவை கையைத் தூக்குங்க. நல்லா மேல! மூஞ்சி மறைக்காம! அந்தக் கடைசி வரிசை, பாப்பா வெச்சிருக்கிற அக்கா, நீங்களும்தான்!"

போட்டோவுக்குக் கை தூக்கச் சொன்னால் தூக்குவது அந்த வார்டின் வழக்கம். கண் முகாமுக்குத் தூக்கியிருக்கிறார்கள், கொசு வலை கொடுத்த அன்றைக்குத் தூக்கியிருக்கிறார்கள், எதற்கென்றே தெரியாத ஒரு விழாவுக்குக்கூட இரண்டு தடவை தூக்கியிருக்கிறார்கள். அந்தப் போட்டோவைத் தீர்மானத்துக்குக் கீழே ஒட்டி "ஒருமனதாக நிறைவேறியது" என்று எழுதிக்கொள்வது அலுவலகத்தின் வழக்கம். இந்த இரண்டு வழக்கமும் வருஷக் கணக்காக ஒன்றையொன்று பார்க்காமலே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

அன்றைக்கு அமுலுவும் தூக்கினாள். போட்டோ எடுத்தாகிவிட்டது. கை வரவில்லை.

முதலில் சுளுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒருவருக்கொருவர் இழுத்துப் பார்த்தார்கள், தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தார்கள், கோபி தன் ஆளுயரத்துக்கும் எம்பி அமுலுவின் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கியே பார்த்தான். அது கொடிக்கம்பம் மாதிரி நின்றது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா முப்பது பேரைப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லாத்தான் இருக்கு, ரத்தம் நல்லாத்தான் ஓடுது, சத்து மாத்திரை எழுதித் தர்றேன்" என்றார். மாத்திரை வாங்கினவர்கள் அதை இடது கையால் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

ஒரு வாரம் அழுதார்கள், ஒரு வாரம் ஏசினார்கள், மூன்றாவது வாரம் பழகிவிட்டார்கள். டைலர் மஸ்தான் பாய் ரவிக்கையின் வலது தோளைப் பிரித்து மேலே கொக்கி வைத்துத் தைக்கிற ஒரு தினுசைக் கண்டுபிடித்தார். அவருக்கே ஒரு கை மேலே நின்றதால் மிஷினில் துணியை மச்சினன் பிடிக்க அவர் மிதித்தார். மெயின் ரோட்டில் போகிற பஸ்களெல்லாம் யாரோ கை காட்டுகிறார்கள் என்று இருபது அடிக்கு ஒரு தடவை நின்று நின்று போயின, பதினோராம் வார்டைத் தாண்டவே அரை மணி ஆயிற்று, "இறக்கித் தொலைங்கம்மா கையை!" என்று டிரைவர்கள் கத்தினார்கள், பிறகு அவர்களும் பழகி, உண்மையாகவே ஏற வேண்டியவர்களுக்குக்கூட நிற்காமல் போனார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி மூன்று நாள் யோசித்து, நான்காம் நாள், இடது கையில் விபூதி வாங்கினால் அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று அறிவித்தார். கல்யாண வீட்டுப் பந்தியில் இடது கையால் சாப்பிடுகிறவர்களுக்கென்று தனி வரிசை போட்டார்கள், அந்த வரிசைதான் நீளமாக இருந்தது. தூக்கின கைகளில் காக்கைகள் உட்கார்ந்தன. மழை வந்தால் சொட்டுச் சொட்டாக நனைகிற முதல் இடம் உள்ளங்கையாக இருந்ததால், மாடியில் காயப்போட்ட வடகத்தை அள்ள அந்த வார்டுப் பெண்கள் மற்ற வார்டுப் பெண்களைவிட முன்னாலேயே ஓடினார்கள்.

அமுலுவுக்குப் பழகாதது ஒன்றுதான். காலை நீட்டிக் குழந்தையைக் குப்புறப் போட்டு, ஒரு கையால் பிடித்து ஒரு கையால் தேய்த்துக் குளிப்பாட்டுகிற காரியத்தைக் கோபி வருகிற நேரம் பார்த்துத்தான் செய்ய முடிந்தது. அதோடு ஒரு நாள், சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் முதலாக எழுந்து நின்ற மித்ரா, நின்ற கையோடு தன் வலது கையை மேலே தூக்கினாள். குழந்தையின் கைக்கு ஒன்றும் இல்லை, இறக்கவும் அதற்குத் தெரிந்தது. சுற்றிலும் எல்லோரும் அப்படி நிற்பதைப் பார்த்து, மனுஷர்கள் நிற்பதென்றால் இப்படித்தான் என்று அது நினைத்துக்கொண்டது. அமுலு அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். குழந்தை சிரித்துக்கொண்டே மறுபடியும் தூக்கியது.

வார்டு பழகிக்கொண்டிருந்தபோது நகராட்சியும் பழகிக்கொண்டிருந்தது. ஆவணி மாதம் ஆணையருக்கு ஒரு யோசனை வந்தது. கைகள்தான் தூக்கியே இருக்கின்றனவே, இனிமேல் எதற்குக் கூட்டம், எதற்கு நாற்காலி, எதற்கு மஞ்சப்பை? மறுநாளே வரதனை ஜீப்பில் ஏற்றி அனுப்பினார்கள். அவர் ரேஷன் கடை வரிசைக்கு எதிரில் ஜீப்பை நிறுத்தி, ஒரு தீர்மானத்தை முணுமுணுவென்று படித்து, கண்ணில் பட்ட கைகளை எண்ணி, அங்கே இல்லாதவர்களின் கையையும் சேர்த்து நூற்று நாற்பத்து மூன்று என்று எழுதிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துக் கைப்பம்பு அருகில் ஒன்று. அதற்கடுத்து டிபன் கடை வாசலில் ஒன்று. படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவர் கனகசபை செத்துப்போன அன்றைக்கு எழவு வீட்டு வாசலில் நின்றவர்களைப் பார்த்துக்கூட ஜீப் நின்றது. பறையடிக்கிறவர்கள் கொஞ்சம் நிறுத்தினார்கள், வரதன் தலையைக் குனிந்தபடி படித்தார், எண்ணினார், போனார். மெயின் ரோட்டு வேப்ப மரங்களை வெட்டி நிழற்குடை அமைப்பது, ஒருமனதாக. தூய்மை கருதி மார்க்கெட் ரோட்டு மீன்கடைகளை அகற்றுவது, ஒருமனதாக. ஆணையருக்கு நன்றி தெரிவிப்பது, ஒருமனதாக. மொத்தம் இருபத்திரண்டு தீர்மானம். சிறந்த மக்கள் பங்கேற்புக்கான கேடயம் அந்த வருஷம் முள்ளிப்பேட்டுக்குத்தான் கிடைத்தது.

ஆனால் இருபத்திரண்டில் முதலாவது எது என்று புரட்டாசி முதல் வாரத்தில்தான் தெரிந்தது, டிப்பர் லாரிகள் வந்தபோது.

அமுலுவின் தெருவுக்குப் பின்னால் அல்லித்தாங்கல் இருக்கிறது. ஏரி என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்னது, குட்டை என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும் அளவுக்குப் பெரியது. அதன் கரையில்தான் கைப்பம்பு. அறுபது வீட்டுக்குச் சோறு வடிக்கவும் குடிக்கவும் அந்தத் தண்ணீர்தான். மற்ற இடங்களில் எத்தனை அடி போர் போட்டாலும் உப்பாகத்தான் வரும். லாரிகள் எங்கோ இடித்த கட்டடத்து மண்ணையும் கல்லையும் கொண்டுவந்து அந்தத் தாங்கலில் கொட்டின. கரையில் ஒரு பிளெக்ஸ் போர்டு எழுந்தது, அமுலுவின் வீட்டைவிட உயரமாக. "அல்லித்தாங்கல் பசுமைப் பூங்கா. செயற்கை நீரூற்று. மக்கள் விருப்பம், மக்கள் பங்கேற்பு!" அதற்குக் கீழே அந்தப் போட்டோ. போட்டோவில் எல்லோருக்கும் முன்னால் பெரிதாக்கி வைத்திருந்தது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அமுலுவை: இடுப்பில் குழந்தை, மேலே கை, போட்டோக்காரர் சொன்னதால் வந்த ஒரு சிரிப்பு.

அவள் தன் மூஞ்சியை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அவள் மூஞ்சிக்குக் கீழே லாரி பின்பக்கமாக வந்து மண்ணைச் சரித்தது.

பெண்கள் குடத்தோடு ஓடிப்போய் லாரியை மறித்தார்கள். டிரைவர் கண்ணாடியை இறக்கினான். "இன்னாம்மா இது? நீங்கதான கை தூக்கினீங்க? இப்பக்கூடத் தூக்கிக்கினுதான நிக்கிறீங்க?"

"டேய், அது இறங்கலடா!" என்றாள் டெய்சியக்கா. மார்க்கெட் ரோட்டில் மீன் விற்கிறவள், தெருவில் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறவள்.

"அது உங்க கைக்கும் உங்களுக்கும் உள்ள பிரச்சினை. நான் லோடு இறக்கணும்."

நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். கவுன்சிலர் பரந்தாமன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சிரித்தார். "வாய் வேணாங்குது, கை வேணுங்குது. நான் எதைக் கேக்கிறது? ஆபீஸ்ல வாயை எப்படிம்மா எண்றது? கையைத்தான் எண்ண முடியும்."

நாலு நாளில் பம்பில் சேறு வந்தது. ஒரு வாரத்தில் தாங்கலில் பாதி மண்ணானது. மித்ராவுக்கு வயிற்றுப்போக்கு வந்து, இரண்டு நாள் அமுலு ஒற்றைக் கையில் அவளைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடந்தாள். டாக்டரம்மா கேட்டார், "எந்தத் தண்ணி குடுக்கிறே?"

குழந்தைக்கு உடம்பு தேறினதும், பிளெக்ஸில் இருக்கிற அதே சேலையைக் கட்டிக்கொண்டு அவள் தனியாக அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் வரதன் மேஜையில் மத்தியானச் சாப்பாட்டை மூடிக்கொண்டிருந்தார்.

"சார், நான் என்னத்துக்குக் கை தூக்கினேன்னு பாக்கணும்."

அவர் அவளைப் பார்த்தார், அந்த மூஞ்சியை அடையாளம் கண்டுகொண்டார், தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தீர்மானப் புத்தகத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். அமுலு குழந்தையை மேஜை மேல் உட்கார வைத்து, அது புத்தகத்தைப் பிடித்து இழுக்காமல் முழங்கையால் தடுத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதல் தீர்மானம் படிக்கக் கால் மணி ஆயிற்று. கடைசியில் இரண்டு வரி இருந்தது. ஆதரவு, நூற்று நாற்பத்து மூன்று. எதிர்ப்பு, அதற்கு எதிரே ஒரு சின்னக் கோடு. பக்கத்தைப் புரட்டினாள். ஆதரவு, நூற்று நாற்பத்து மூன்று. எதிர்ப்பு, கோடு. இருபத்திரண்டு பக்கத்திலும் அதே கோடு.

"இந்தக் கோடு என்னா சார்?"

"எதிர்ப்பு இல்லன்னு அர்த்தம்மா."

"இல்லன்னு எப்படித் தெரியும்? கேட்டீங்களா?"

வரதன் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்து மறுபடியும் மூடினார். "கேக்கிற வழக்கம் இல்லம்மா. இருபத்தாறு வருஷமா நான் எழுதறேன். ஆதரவான்னு கேப்போம், தூக்குவாங்க, எழுதுவோம். எதிர்ப்பான்னு யாரும் கேட்டது கிடையாது. எனக்கு முன்னாடி இருந்தவரும் கேட்டதில்ல."

"கேக்கணும்னு இருக்கா, கேக்க வேணாம்னு இருக்கா?"

"கேக்கணும்னுதான் இருக்கு" என்றார் வரதன், மிகவும் மெதுவாக.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளுக்குள் அந்தச் சின்னக் கோடு ஓடிக்கொண்டே வந்தது. மைக் ஊளையிட்டதைக்கூட மன்னித்துவிடலாம். எழவு வீட்டில் வந்து நின்றதைக்கூட. ஆனால் ஒரு மனுஷியிடம் பாதிக் கேள்வியைக் கேட்டுவிட்டு மீதிப் பாதிக்குப் பதில் தானே எழுதிக்கொள்கிறவனை என்ன செய்வது? டெய்சியக்காவிடம் சொன்னாள். டெய்சியக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "கேடயத்துக்குக் கூட்டம் போடப்போறாங்களாம், அதுல நீ கேளுடி" என்றாள்.

"நானா? நீ கேளுக்கா."

"நான் டெய்லி கத்தறவ, என் சத்தம் அவங்களுக்குப் பழகிப்போச்சு. உன் சத்தத்தை எவனும் இதுவரைக்கும் கேட்டதில்ல."

தாங்கலின் மீதிப் பாதியையும் மூடுவதற்கு இன்னொரு தீர்மானம் வேண்டியிருந்தது. கேடயம் வந்ததைக் கொண்டாடவும் வேண்டியிருந்தது. அதனால் ஐப்பசி மாதம் ஜீப்பில் வராமல் சமுதாயக் கூடத்திலேயே கூட்டம் போட்டார்கள், புதிய மைக் வைத்தார்கள், கேடயத்தை மேடையில் நட்ட நடுவில் வைத்து மாலை போட்டார்கள். நூற்று நாற்பத்து மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள், நூற்று நாற்பத்து மூன்று கையும் காடு மாதிரி நின்றன. வரதன் படித்தார். இந்தத் தடவை எல்லோருக்கும் காதில் விழுந்தது, ஏனென்றால் விழுந்தாலும் பரவாயில்லை என்று மேடையில் இருந்தவர்களுக்கு ஆகியிருந்தது.

"ஆதரவு..." என்று ஆணையர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "கேக்கவே வேணாம்."

அமுலு எழுந்தாள். முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தாள். ஒரு கை மேலே இருந்தது, ஒரு கையில் குழந்தை இருந்தது, மூடுவதற்கு மூன்றாவது கை அவளுக்கு இல்லை. அதனால் வாய் திறந்தபடியே, குரல் அப்படியே வெளியே வந்தது.

"கேளுங்க" என்றாள். "எதிர்ப்பான்னும் கேளுங்க."

கூடம் திரும்பிப் பார்த்தது. பரந்தாமன் மைக்கை இழுத்தார். "யார் வீட்டுப் பொண்ணு இது? கோபி சம்சாரமா? உக்காரும்மா, குழந்தை அழுவுது பாரு."

குழந்தை அழவில்லை, கேடயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அது அழுவல சார். எங்க தெருப் பம்புல சேறு வருது. நீங்க ஒரு கேள்விதான் கேட்டீங்க, அதையும் காதுல விழாத மாதிரி கேட்டீங்க. இன்னொரு கேள்வி இருக்குதாம். கேக்கணும்னு எழுதியே இருக்குதாம். அதைக் கேளுங்க."

"இதெல்லாம் நேர விரயம்" என்றார் ஆணையர்.

"டயத்துக்கு இன்னா சார் குறைச்சல்?" டெய்சியக்காவின் குரல் நடு வரிசையிலிருந்து வந்தது. "எழவு வூட்ல வந்து படிக்கிறதுக்கு டயம் இருந்துச்சில்ல? கேளு சார். ஒரு வார்த்தைதான? வாய் சுளுக்கிக்குமா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு, "கேளுங்க" என்றது ஒரு குரல். மஸ்தான் பாய். "கேளுங்க, கேளுங்க" என்று வரிசை வரிசையாக அது வந்தது, மழை ஓட்டுக் கூரையில் நடந்து வருகிற மாதிரி, நாற்காலிக் கால்கள் தரையைத் தட்டத் தட்ட. ஆணையர் வரதனைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். வரதன் எழுந்து நின்றார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, மைக்கில் வாய் வைத்து, அந்தப் புத்தகத்தில் அச்சடித்திருந்ததை அப்படியே படித்தார்.

"இந்தத் தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் கை தூக்கவும்."

யாரும் ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டியிருக்கவில்லை. நூற்று நாற்பத்து மூன்று கை, எல்லாம் மேலே இருந்தன.

பரந்தாமன் பாய்ந்து எழுந்தார். "செல்லாது! அது இப்பத் தூக்கினது இல்ல, ஏற்கெனவே தூக்கினது!"

"அப்ப ரேஷன் கடையில எண்ணினது மட்டும் செல்லுமா?" என்றாள் அமுலு. "அன்னிக்கும் இதே கைதான். பம்புகிட்ட எண்ணினதும் இதே கைதான். உங்களுக்கு வேணுங்கிறப்போ இது கை, எங்களுக்கு வேணுங்கிறப்போ சுளுக்கா?"

வரதன் மேடையிலிருந்து இறங்கி வந்து, அவசரப்படாமல், ஒவ்வொரு வரிசையாக நடந்து, ஒவ்வொரு கையாக எண்ணினார். மேலே போய் உட்கார்ந்து, அந்தச் சின்னக் கோடு போடுகிற இடத்தில் நூற்று நாற்பத்து மூன்று என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதினார். பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார்.

கைகள் விழுந்தன. நூற்று நாற்பத்து மூன்றும் ஒரே நேரத்தில், நனைந்த துணி மூட்டைகளைக் கல்லில் போட்ட மாதிரி, தொடைகளின் மேல் தொப்பென்று விழுந்தன. மேடையில் கேடயம் ஆடியது. ஆட்கள் தங்கள் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்கள், பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துப் பார்த்தார்கள், மூன்று மாதத்துக்குப் பிறகு இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டார்கள், மூக்கைச் சிந்தினார்கள், டெய்சியக்கா இரண்டு கையாலும் கொண்டையை அவிழ்த்து உதறி முடிந்தாள். அமுலு குழந்தையை இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். உடனே வீட்டுக்குப் போக வேண்டும் போலிருந்தது, காலை நீட்டி உட்கார்ந்து இதைக் குளிப்பாட்ட வேண்டும் போலிருந்தது.

பரந்தாமன்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "சரி சரி, தாங்கல்ல மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும், எல்லாருக்கும் கையும் வந்துடுச்சு, சந்தோஷம். வெளியில டீ இருக்கு, போண்டா இருக்கு. கூட்டம் முடிஞ்சுது." நாற்காலிகள் நகர்ந்தன. ஜனம் கையை உதறிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, வாசலைப் பார்த்துத் திரும்பியது. வரதன் புத்தகத்தை மூடப் போனார்.

"சார், மூடாதீங்க" என்றாள் அமுலு. "இன்னும் இருபத்திரண்டு இருக்கு."

"அதெல்லாம் முடிஞ்சதும்மா!" என்றார் பரந்தாமன்.

"உங்களுக்கு முடிஞ்சுது. எங்களைக் கேக்கல. முதல் பக்கத்துல இருந்து ஒண்ணொண்ணாப் படிங்க. கொட்டின மண்ணை அள்ளற வரைக்கும் படிங்க. மீன்கடையைப் படிங்க, மரத்தைப் படிங்க. ரெண்டு கேள்வியும் கேளுங்க."

வாசல்வரைக்கும் போனவர்கள் நின்றார்கள். டீ டம்ளரைக் கையில் வாங்கியிருந்தவர்கள் அதைத் திண்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். அமுலு குழந்தையை டெய்சியக்காவிடம் கொடுத்தாள். வலது கையைப் பார்த்தாள், அது பாட்டுக்கு மடியில் கிடக்க ஆசைப்பட்டது. அவள் அதை மேலே தூக்கினாள். தானாக நின்ற மூன்று மாதமும் அது ஒரு நாள்கூட வலித்ததில்லை. இப்போது விரல் நுனியிலிருந்து தோள்பட்டை வரைக்கும் வலித்தது.

"படிங்க சார்" என்றாள்.